ஆஸ்பத்திரி வைப்ஸ்: விற்கும் முன் அறிய வேண்டியவை



பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் மளிகைக் கடைக்குப் புதிய சரக்கு அல்ல. நமது தந்தையார் காலத்திலேயே கடையின் ஒரு மூலையில் அவற்றுக்கு இடம் இருந்தது. 2020-ஆம் ஆண்டு கொரோனா நோய் பரவிய பிறகு அந்த மூலையில் இன்னொரு சரக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. டப்பாவிலிருந்து ஒவ்வொன்றாக உருவி எடுக்கும் ஈரத்தாள், அதாவது ‘வைப்ஸ்’. வீட்டுக்கு வாங்குகிறவர்கள் ஒருபுறம் இருக்க, ஊரிலுள்ள சிறிய கிளினிக், நர்சிங் ஹோம், ரத்தப் பரிசோதனை நிலையம் ஆகியவற்றிலிருந்தும் ஆள் அனுப்பி நம்மிடம் கேட்கிறார்கள். ஆகவே இதைப் பற்றி நாம் சிறிது விவரமாகத் தெரிந்துகொள்வது நல்லது. தவறான பருப்பைக் கொடுத்தால் குழம்புதான் கெடும். தவறான வைப்ஸைக் கொடுத்தால் நோயாளி ஒருவரின் உடம்பே கெட்டுப் போகலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இந்தப் பாக்கெட்டுகளில் மூன்று வகை உண்டு. குழந்தைகளுக்கும் முகத்துக்கும் உபயோகிப்பது ஒன்று. இது அழுக்கைத் துடைக்கும். கிருமியைக் கொல்வதற்காகச் செய்யப்பட்டது அல்ல. கை, தோல் ஆகியவற்றைச் சுத்தம் செய்வது இரண்டாவது. மேஜை, கட்டில் கம்பி, கைப்பிடி போன்ற பரப்புகளில் கிருமியை ஒழிப்பது மூன்றாவது. ஆஸ்பத்திரிக்காரர் கேட்பது பெரும்பாலும் மூன்றாவது வகையைத்தான். ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று முதல் வகையை எடுத்துக் கொடுப்பது வியாபாரம் ஆகாது.

மூன்றாவது வகையில் வேலை செய்வது தாள் அல்ல, அதில் ஊறியிருக்கும் மருந்து. சிலவற்றில் ஆல்கஹால், சிலவற்றில் ‘குவாட்’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் குவாட்டர்னரி அமோனியம் சேர்மம், சிலவற்றில் ஹைட்ரஜன் பெராக்சைடு, சிலவற்றில் பிளீச்சிங் திரவமான ஹைப்போகுளோரைட் இருக்கும். பஞ்சுத் துணி குவாட் மருந்தைத் தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்ளும் இயல்புடையது. எனவே தனியாக மருந்து வாங்கி, கிடைத்த துணியை அதில் நனைத்துக் கொடுப்பதும், கம்பெனி தகுந்த தாளைப் பொறுக்கி ஊறவைத்துத் தருவதும் ஒன்றாகாது.

அடுத்து மிக முக்கியமான விஷயம், ஈரம் நிற்கும் நேரம். மருந்து பட்டவுடன் கிருமி செத்துவிடுவதில்லை. லேபிளில் ஒரு நிமிடம், மூன்று நிமிடம், பத்து நிமிடம் என்று குறித்திருப்பார்கள். அத்தனை நேரமும் அந்தப் பரப்பு ஈரமாகவே இருக்க வேண்டும். துடைத்த கையோடு உலர்ந்த துணியால் இன்னொரு முறை துடைத்தால் செலவழித்த காசு வீண். ஆல்கஹால் சீக்கிரம் ஆவியாகிவிடும். நமது ஊர் வெயிலுக்கும் மின்விசிறிக் காற்றுக்கும் இன்னும் சீக்கிரம். அகலமான மேஜை என்றால் ஒரு தாள் போதாமல் இரண்டு, மூன்று வேண்டியிருக்கும். ரத்தமோ சளியோ படிந்திருந்தால் முதலில் அதை அகற்றிவிட்டு, பிறகு புதிய தாளை எடுக்க வேண்டும். அழுக்கின் அடியில் இருக்கும் கிருமியை மருந்து எட்டாது.

ஒரே தாளால் நான்கு கட்டிலைத் துடைப்பதும் ஆபத்து. பிரிட்டனில் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆஸ்பத்திரி ஊழியர்கள் வைப்ஸை எப்படி உபயோகிக்கிறார்கள் என்று கவனித்து, 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். ஓரிடத்தில் எடுத்த கிருமியை அதே தாள் அடுத்த இடத்தில் கொண்டுபோய் விடலாம் என்பது அதில் தெரிந்தது. ‘ஒரு தாள், ஒரு பரப்பு, ஒரு தடவை’ என்பதே அவர்கள் கூறிய விதி. இதை வாங்குகிறவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நமது கடமை.

வைப்ஸ் எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. உடலுக்குள் செல்லும் கத்தி, ஊசி போன்ற கருவிகளை முறைப்படி ஸ்டெரைல் செய்தாக வேண்டும். வாய், தொண்டை போன்ற உள்தோலில் படும் கருவிகளுக்கும் உயர்ந்த தரச் சுத்திகரிப்பு தேவை. தோலை மட்டும் தொடும் ரத்த அழுத்தக் கருவியின் பட்டை, கட்டில், மேஜை ஆகியவற்றுக்குத்தான் சாதாரண வைப்ஸ் உகந்தது. அதிலும் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ‘சி. டிஃப்’ போன்ற கிருமிகளின் வித்துகள் ஆல்கஹாலுக்கும் குவாட்டுக்கும் சாவதில்லை. அதற்கு ஹைப்போகுளோரைட் போன்ற தனி மருந்து வேண்டும்.

இனி சட்டத்துக்கு வருவோம். அமெரிக்காவில் பரப்புகளில் கிருமியைக் கொல்லும் என்று சொல்லி விற்கும் வைப்ஸை, பூச்சிமருந்தைப் போலவே சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனத்தில் பதிவு செய்து, பதிவு எண்ணை லேபிளில் அச்சிட வேண்டும். ஐரோப்பாவில் வைப்ஸைத் துடைக்கும் முறையிலேயே சோதித்துப் பார்க்க 2015-இல் இ.என். 16615 என்ற தரச் சோதனை வந்தது. இத்தனைக்குப் பிறகும் தவறு நேர்கிறது. ஸ்டெரைல் செய்யப்படாத, ஆல்கஹால் இல்லாத சில தோல் வைப்ஸ்களில் ‘பர்க்கோல்டேரியா’ என்ற கிருமியே இருந்ததால், அவற்றைக் காயத்துக்கு உபயோகிக்க வேண்டாம் என்று பிரிட்டன் சுகாதாரத் துறை 2025-இல் எச்சரித்தது. சுத்தம் செய்ய வந்த சரக்கே நோயைச் சுமந்து வந்தது.

நமது நாட்டில் 1940-ஆம் ஆண்டு மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டமும் 1945-ஆம் ஆண்டு விதிகளும் இதற்கு அடிப்படை. கறுப்பு, வெள்ளைக் கிருமிநாசினித் திரவங்களுக்கு விதிகளின் ‘ஓ’ அட்டவணை தரம் வகுத்திருக்கிறது. டின்னில் ‘ஆர்.டபிள்யூ.சி.’ என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கார்பாலிக் அமிலத்தோடு ஒப்பிட இந்தத் திரவம் எத்தனை மடங்கு வீரியமுள்ளது என்பதைக் காட்டும் எண் அது. முதல் தரத்துக்கு 18, இரண்டாம் தரத்துக்கு 10, மூன்றாம் தரத்துக்கு 5. கிருமிநாசினிகளைக் கடையில் விற்பதற்கு மருந்து விற்பனை உரிமம் தேவையில்லை என்று ‘கே’ அட்டவணை விலக்கு அளிக்கிறது. கை சானிடைசருக்கும் 2020 ஜூலையில் இவ்விலக்கு கிடைத்தது. இந்த விலக்கு விற்பனைக்கு மட்டுமே. தயாரிப்பவர் உரிமம் பெற்றாக வேண்டும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மருத்துவ சாதனங்களுக்கு 2017-இல் தனி விதிகள் வந்தன. அவற்றை விற்பவர் பதிவு செய்துகொள்ள 2022-இல் எம்.டி. 42 என்ற சான்றிதழ் ஏற்பட்டது. பாக்கெட்டில் அந்த விதிகளின்படி பெற்ற உரிம எண் இருந்தால் அது மருத்துவ சாதனக் கணக்கில் சேரும். அத்தகைய சரக்கைக் கொள்முதல் செய்யுமுன் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

கடையில் நாம் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. கொள்முதலின்போது மருந்தின் பெயர், அளவு, ஈரம் நிற்கும் நேரம், உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி, தாள்களின் எண்ணிக்கை, அதிகபட்ச சில்லறை விலை ஆகியவற்றைப் பாருங்கள். மருந்தின் பெயரே இல்லாத பாக்கெட் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

2. டப்பாவைப் பிரித்துச் சில்லறையாக எண்ணிக் கொடுக்காதீர்கள். மூடி திறந்திருந்தால் ஈரம் போய்விடும். உலர்ந்த தாள் வெறும் காகிதம்.

3. ஆல்கஹால் வகை தீப்பற்றும். விளக்கு, ஊதுபத்தி எரியும் இடத்திலும் வெயில் படும் ஷோகேஸிலும் வைக்க வேண்டாம். அரிசி, பருப்பு மூட்டைகளுக்குப் பக்கத்திலும் வேண்டாம்.

4. ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கும்போது பில்லில் சரக்கின் முழுப் பெயரையும் பேட்ச் எண்ணையும் எழுதுங்கள். கம்பெனி சரக்கைத் திரும்பப் பெற்றால் யாரிடம் போனது என்று தேட அது ஒன்றே வழி.

5. ரத்தம் பட்ட தாளை 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின்படி மஞ்சள் பையில் போட வேண்டும் என்பதையும், எந்த வைப்ஸையும் கழிப்பறையில் போடக்கூடாது என்பதையும் சொல்லுங்கள்.

6. பிளீச்சிங் சரக்கையும் கழிப்பறை ஆசிட்டையும் ஒன்றாகக் கலந்தால் விஷவாயு உண்டாகும். இரண்டையும் சேர்த்து வாங்குகிறவரை எச்சரிக்காமல் அனுப்ப வேண்டாம்.

இவையெல்லாம் மருத்துவர் வேலை, நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொள்முதல் அதிகாரி இருக்கிறார். பத்துக் கட்டில் வைத்திருக்கும் நர்சிங் ஹோமில் அப்படி யாரும் கிடையாது. ஆயா கையில் பணத்தைக் கொடுத்து நமது கடைக்கு அனுப்புகிறார்கள். சரியான சரக்கைப் பார்த்து எடுத்துக் கொடுப்பவர் அங்கே நாம் ஒருவர்தான். நம்மிடம் அந்தச் சரக்கு இல்லையென்றால், இல்லை என்று சொல்லி மருந்துக் கடைக்கு அனுப்பிவிடுவோம். ஒரு பாக்கெட் லாபம் போனாலும் வாடிக்கையாளர் போகமாட்டார்.