ஞாயிறு விடுமுறையில் எலிபெண்டா போகிறீர்களா?

மும்பையில் ஆண்டுக்கணக்கில் உழைத்தும் எலிபெண்டா தீவைப் பார்க்காத தமிழர்கள் ஏராளம். திங்கட்கிழமை வார ஓய்வு உள்ளவர்கள் வேறு நாள் பார்க்க வேண்டும். அன்று குகைகளுக்கு விடுமுறை.

'கேட்வே ஆப் இந்தியா'வில் காலையிலேயே படகு ஏறுங்கள். சுமார் 1 மணி நேரப் பயணம். தீவில் சுமார் 120 படிகள் ஏறினால் மலையைக் குடைந்த சிவன் கோவில். மும்முகச் சிவனின் உயரம் ஏறத்தாழ 20 அடி! தீவுக்குப் பெயர் தந்த கல் யானை இப்போது பைகுல்லா பூங்காவில் நிற்கிறது.

படகில் 'லைப் ஜாக்கெட்' அணிவது முக்கியம். 18-12-2024 அன்று தீவுக்குச் சென்ற படகு மீது கடற்படை விரைவுப் படகு மோதி 15 பேர் பலியானார்கள். குழந்தைகளுக்கும் கேட்டு வாங்கி அணிவியுங்கள்.

தீவில் இரவு தங்க அனுமதி இல்லை. கடைசிப் படகு எப்போது என்பதை இறங்கும்போதே விசாரித்துக்கொள்ளுங்கள்.