சதையிக் கட்டியும் கழியொலி மீள்தன்மைச் சோதனையும்

உடலின் மேற்பரப்பை அடுத்துத் தோன்றும் கட்டியை வைத்தியர் விரலால் அழுத்தி, அது கல்போல் இறுகியதோ, நெகிழ்ந்து கொடுப்பதோ என அறிவர். தொட்டறிதல் என்னும் இம்முறை மிகத் தொன்மையானது. ஆயின் சதையிக்கு இது பெரிதும் பயன்படுவதில்லை. கணையம் எனவும் பெயர் பெறும் அச்சுரப்பி, ஏறக்குறைய 15 சென்றிமீற்றர் நீளமுடையதாய், இரைப்பைக்குப் பின்னே முள்ளந்தண்டை அணைந்து கிடக்கின்றது. அங்கு எழும் புற்றுநோய் பெரும்பாலும் முற்றிய பின்னரே வெளிப்படுவதற்கு இம்மறைவும் ஒரு காரணமாகும். ஐக்கிய அமெரிக்காவில் 2025 இல் வெளியான கணக்கின்படி, இந்நோய் கண்டோருள் ஐந்தாண்டு உயிர்வாழ்வோர் நூற்றுக்கு 13 பேரே.

எட்டாத விரலின் வேலையை ஒலியைக்கொண்டு செய்விக்கலாம் என 1991 இல் விளக்கிக் காட்டியோர் ஜொனதன் ஓஃபிரும் அவருடன் ஆய்ந்தோருமாவர். அடிப்படை பௌதிக மாணவர் அறிந்ததே. ஒரே தகைப்பின்கீழ் மென்பொருள் மிகுதியாகவும் வன்பொருள் குறைவாகவும் விகாரமடையும். இழையத்தை அழுத்துமுன் ஒருமுறையும் அழுத்தியபின் ஒருமுறையும் கழியொலியின் எதிரொலிகளைப் பதிந்து ஒப்பிட்டால், எப்பகுதி எவ்வளவு நசுங்கியது என்பதைக் கணிக்கலாம்.

சதையியை அழுத்துவது எவ்வாறு? வாய்வழியே இரைப்பைக்கும் முன்சிறுகுடலுக்கும் செலுத்தப்படும் அகநோக்கிக் குழாயின் நுனியில் சிறு கழியொலிக் கருவி பொருத்தப்பட்டுள்ளது. அவ்விடத்திலிருந்து சதையி மிக அண்மையிலேயே உள்ளது. அழுத்துதற்கு வேறு கை வேண்டியதில்லை. அருகே ஓடும் பெருநாடியின் துடிப்பே இழையத்தைச் சிறிது சிறிதாக நசுக்கிவிடுகின்றது. நோயாளியின் இதயமே பரிசோதிப்பவருக்குக் கையாகி உதவுதல் வியக்கத்தக்கது. கணித்த விகாரம் திரையில் நிறங்களாகத் தோன்றும். பெரிதும் வழங்கும் முறையில் நீலம் வன்மையையும், சிவப்பு மென்மையையும், பச்சை இடைநிலையையும் குறிக்கும். நிறத்தை மட்டும் நம்பின் பார்ப்பவருக்குப் பார்ப்பவர் தீர்ப்பு மாறக்கூடும். ஆதலால் கட்டியின் விகாரத்தை அயலிலுள்ள மெல்லிழையத்தின் விகாரத்தோடு ஒப்பிட்டு விகிதமாகக் கூறுதலும் உண்டு.

பிரான்சின் மார்செய் நகரில் ஜொவன்னினி குழுவினர் 49 நோயாளரிடத்து இம்முறையைக் கையாண்டு, முடிவை 2006 இல் வெளியிட்டனர். இழையத்தை வெட்டி எடுக்காமலே அதன் இயல்பை அறிதற்கு இது முதற்படியோ என்று தலைப்பிலேயே வினவினர். அவர்கள் வினாக்குறி இட்டது நன்றே. 2011 இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வொன்றில், 258 நோயாளரைச் சோதித்தபோது, புற்றுடையோருள் நூற்றுக்கு 93 பேரை இம்முறை சரியாகக் காட்டியது. புற்றில்லாதோருள் நூற்றுக்கு 66 பேரையே புற்றில்லாதோர் எனக் காட்டியது. எஞ்சிய 34 பேர் தவறாக ஐயுறப்பட்டனர். அத்தவறு சிறிதன்று. சதையியின் தலைப்பகுதியை முன்சிறுகுடலோடு அகற்றும் சத்திரசிகிச்சை மிகக் கடியதாகும்.

கருவி அளப்பது வன்மையை, புற்றையன்று. சதையிப் புற்று இறுகுவதற்குப் புற்றுக்கலங்களினும் அவற்றைச் சூழ்ந்து செறியும் நாரிழையமே பெருங்காரணம். நெடுநாட்பட்ட சதையி அழற்சியிலும் நாரிழையம் பெருகிக் கட்டிபோல் திரள்வதுண்டு. திரையில் இரண்டும் நீலமே.

எனவே, வன்மை என்னும் விடையினும் மென்மை என்னும் விடையே பெறுமதி மிக்கது. 15 மில்லிமீற்றருக்கு மேற்படாத கட்டிகளைப்பற்றி 2018 இல் வெளியான பன்னிலைய ஆய்வொன்றில், மென்மையாகத் தோன்றியவற்றுள் நூற்றுக்கு 98 சதையிக் கானில் எழும் கொடிய புற்று அல்லவெனத் தெரிந்தது. வன்மையாகத் தோன்றியவற்றுக்கோ ஊசி வேண்டும். ஊசியால் இழையம் எடுத்து நுணுக்குக்காட்டியில் காண்பதே தீர்ப்பு. ஆயினும் நார் செறிந்த கட்டியில் ஊசியும் சிலவேளை புற்றுக்கலத்தைத் தப்பவிடும். நீலமாகத் தோன்றிய கட்டியிலிருந்து ஊசி வெறுங்கையுடன் திரும்பின், நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிடாது மீண்டும் ஊசி செலுத்துமாறு வைத்தியரைத் தூண்டுவதும் இச்சோதனையின் பயனாகும்.