'இரத்தக் கொதிப்பு' என்னும் சொல்லும் தமனியின் விறைப்பும்

தேக்கா நிலையத்திலும் சிராங்கூன் சாலை உணவகங்களிலும் முதியவர்கள் தம் உடல்நலம் பற்றிப் பேசுகையில் ஒரே நோய்க்கு மூன்று பெயர்களைக் கேட்கலாம். 'எனக்குப் பிரஷர் உண்டு' என்பார் ஒருவர். 'இரத்தக் கொதிப்பு' என்பார் மற்றொருவர். மருந்தகத்தில் தரும் தாளிலோ 'உயர் இரத்த அழுத்தம்' என்று அச்சிட்டிருக்கும். குறிக்கப்படும் நோய் ஒன்றேயாயினும் இப்பெயர்கள் மனத்தில் எழுப்பும் உருவங்கள் வெவ்வேறானவை. ஒரு நோயை மக்கள் எவ்வாறு புரிந்துகொண்டு கையாளுகிறார்கள் என்பதில் அதன் பெயருக்கும் பங்குண்டு என்பது நம் கருத்து. மொழியியல் பயின்ற நாம் இப்பொருளைப் பேசத் துணிந்தமைக்கு அதுவே காரணம்.

இது சிறுபான்மையோரின் நோயன்று. சிங்கப்பூரின் தேசிய மக்கள் சுகாதார ஆய்வு, 2021-2022 காலப்பகுதியில் 18 முதல் 74 வயது வரையுள்ள குடியிருப்பாளருள் 37 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்ததாகக் கண்டது. மூவரில் ஒருவருக்கும் மேல் என்பது இதன் பொருள். இதைப் படிக்கும் மாணவர் பலருடைய வீட்டிலும் ஒருவரேனும் இக்கணக்கில் அடங்குவர்.

சொற்கள் காட்டும் வழி

முதலில் 'கொதிப்பு' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். தமிழில் இரத்தம் கொதிப்பது சினத்தின் அடையாளம். ஆகவே, இரத்தக் கொதிப்பு என்றவுடன் வெப்பமும் படபடப்பும் கோபமும் நினைவுக்கு வருகின்றன. 'எனக்குக் கோபமே வராதே, எனக்கு எப்படிக் கொதிப்பு வரும்?' என்னும் ஐயம் அதனால் எழுகிறது. தலை சுற்றினால்தான் கொதிப்பு ஏறியிருக்கிறது, சுற்றாவிட்டால் அது தணிந்துவிட்டது என்னும் முடிவும் அதனால் பிறக்கிறது. உண்மையில் இந்நோய் பெரும்பாலும் எவ்வித உணர்வையும் தருவதில்லை. பல ஆண்டுகள் ஓசையின்றி இருந்து, மூளையிலோ இதயத்திலோ சிறுநீரகத்திலோ சேதம் விளைந்தபின் வெளிப்படுவது அதன் இயல்பு. உடலில் ஒன்றும் தோன்றவில்லை என்பதால் மாத்திரையை நிறுத்திவிடுபவர், சொல் காட்டிய வழியில் நடந்தவராகவே நமக்குத் தோன்றுகிறார்.

'தமனி' என்னும் சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. இது வடமொழியிலிருந்து வந்தது. ஊதுதல் என்னும் பொருள்தரும் வேரிலிருந்து பிறந்தது. குழாய் என்னும் பொருளையும் உடையது. கிரேக்க மொழியின் 'ஆர்டீரியா' என்னும் சொல்லும் மூச்சுக்குழலைக் குறித்து வழங்கிய ஒன்றே. இறந்த உடலில் இக்குழாய்கள் வெறுமையாகக் கிடந்தமையால், அவற்றில் காற்று ஓடுவதாகப் பண்டைக் கிரேக்க மருத்துவர் பலர் கருதினர். தொலைவிலுள்ள இரு மொழிகள் ஒரே உறுப்பைக் காற்றோடு தொடர்புபடுத்தியமை வியப்புக்குரியது.

'நாடி' என்பதும் வடமொழியில் குழாயைக் குறித்த சொல்லே. தமிழ் மருத்துவ மரபில் அது குழாயின் துடிப்பையும் குறிப்பதாயிற்று. சித்த மருத்துவர் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து வாதம், பித்தம், கபம் என மூன்று நாடிகளைப் பார்ப்பர். இக்கால ஆய்வாளரும் அதே மணிக்கட்டில்தான் கருவியைப் பொருத்துகின்றனர். இரு துறைகளின் விளக்கங்களும் வேறு. ஒன்றை மற்றொன்றுக்குச் சான்றாக்குதல் கூடாது. துடிப்பில் செய்தி உண்டு என்னும் எண்ணம் மட்டும் இரண்டுக்கும் பொது.

மொழி ஆய்ந்த மருத்துவர்

அச்செய்தியைக் கணக்காக மாற்ற முனைந்தவருள் முன்னோடி தாமஸ் யங். மொழியியலார்க்கு இவர் அயலவரல்லர். 'இந்தோ-ஐரோப்பியம்' என்னும் மொழிக்குடும்பப் பெயரை 1813இல் முதன்முதல் வழங்கியவர் இவரே. எகிப்தின் ரொசெட்டா கல்வெட்டைப் படிக்க முயன்றவருள்ளும் இவர் ஒருவர். தொழிலால் மருத்துவர். 1808இல் இலண்டன் ராயல் சொசைட்டியில், இதயமும் தமனிகளும் செயற்படும் முறை பற்றிப் பொதுச் சொற்பொழிவு ஆற்றினார். நெகிழும் குழாயொன்றில் துடிப்பு எவ்வேகத்தில் செல்லும் என்பது அதில் அவர் ஆராய்ந்த வினாக்களுள் ஒன்று.

இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்க வேண்டும். துடிப்பின் வேகமும் இரத்தத்தின் வேகமும் ஒன்றல்ல. நீண்ட கயிற்றின் ஒரு முனையை உதறினால் அலை மறுமுனைக்கு ஓடுகிறது. கயிறோ நம் கையிலேயே இருக்கிறது. அதுபோல இதயம் ஒருமுறை சுருங்கியவுடன் தமனிச் சுவரில் ஓர் அலை எழுந்து, இரத்தத்தைக் காட்டிலும் பன்மடங்கு வேகமாக ஓடுகிறது. அதனை நாடியலை என்போம். 1878இல் மோயன்ஸ், கோர்டவெக் என்னும் டச்சு அறிஞர் இருவர் இதற்குரிய சமன்பாட்டை வகுத்தனர். சுவர் விறைக்கவும் தடிக்கவும் அலை விரையும் என்பது அதன் சாரம். ஆகவே அலையின் வேகத்தை அளந்தால், உடலைக் கீறாமலே சுவரின் நிலையை அறியலாம்.

இன்று கழுத்துத் தமனிக்கும் தொடைத் தமனிக்கும் இடையே இவ்வேகத்தை அளக்கின்றனர். இளையோரிடம் அது நொடிக்கு ஏறத்தாழ 5 அல்லது 6 மீட்டர். 10 மீட்டரைத் தாண்டினால் பெருந்தமனி விறைத்துள்ளதாக ஐரோப்பிய மருத்துவ வழிகாட்டிகள் கொள்கின்றன.

சுவர் ஏன் விறைக்கிறது?

இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி, இரத்தம் செல்லும் வழி மட்டுமன்று. அது ஒரு தாங்கியும் ஆகும். இதயம் இரத்தத்தை வீசும்போது அது விரிந்து ஒரு பகுதியைத் தன்னுள் ஏற்கிறது. இதயம் ஓய்வு கொள்ளும்போது சுருங்கி அதனை முன்னே தள்ளுகிறது. இதனால் விட்டுவிட்டு வரும் வீச்சு தொடர்ந்த ஓட்டமாக மாறுகிறது. இங்கிலாந்தின் ஸ்டீபன் ஹேல்ஸ், 1733இல் வெளியிட்ட நூலில், இதனைத் தீயணைப்புப் பொறியின் காற்றறைக்கு ஒப்பிட்டு விளக்கினார்.

இந்நெகிழ்வைத் தருவது எலாஸ்டின் என்னும் புரதம். அது பெரும்பாலும் கருவிலும் குழந்தைப் பருவத்திலும் உருவாகிறது. பின்னர் மிகச் சிறிதளவே புதிதாகத் தோன்றுகிறது. நிமிடத்திற்கு 70 முறை துடிக்கும் இதயம் ஒரு நாளில் ஒரு இலட்சம் முறை துடிக்கிறது. அறுபது ஆண்டுகளில் ஏறத்தாழ 220 கோடி முறை. ஒவ்வொரு துடிப்பிலும் இழுபட்டுத் தளரும் எலாஸ்டின் இழைகள் முறிய, சுமை கொலாஜன் என்னும் கடினமான இழைகளின்மேல் விழுகிறது. மளிகைக் கடையில் பொட்டலம் கட்டும் ரப்பர் வளையம் பழையதானால் இழுபடாமல் நிற்பதை நினைத்துக்கொள்ளலாம். முதுமை மட்டும் இதற்குக் காரணமன்று. நீரிழிவு, புகைப்பழக்கம், சிறுநீரக நோய், மிகுந்த உப்பு, நெடுநாள் கட்டுப்படாத அழுத்தம் ஆகியன இதனை விரைவுபடுத்துகின்றன. அழுத்தம் சுவரை விறைப்பாக்குகிறது. விறைத்த சுவர் அழுத்தத்தை உயர்த்துகிறது. இச்சுழலில் காரணம் எது, விளைவு எது எனப் பிரிப்பது எளிதன்று.

அழுத்தக் கருவி காட்டும் இரு எண்களின் பொருள் இங்கு விளங்கும். மேல் எண் இதயம் சுருங்கும்போதுள்ள அழுத்தம். கீழ் எண் அது விரியும்போதுள்ளது. நெகிழ்வான தமனியில் நாடியலை மெல்லச் சென்று, கிளைகளில் மோதி, இதயம் ஓய்வு கொள்ளும் நேரத்தில் திரும்புகிறது. விறைத்த தமனியில் அது விரைந்து சென்று, இதயம் சுருங்கிக்கொண்டிருக்கும்போதே திரும்பி வந்து மேல் எண்ணைக் கூட்டுகிறது. தாங்கும் ஆற்றல் குன்றுவதால் கீழ் எண் குறைகிறது. அமெரிக்காவின் ஃபிரமிங்காம் நகரில் 1948இல் தொடங்கிய நெடுங்கால ஆய்வும் இதனையே காட்டிற்று: மேல் எண் வயதோடு உயர்ந்துகொண்டே போகிறது; கீழ் எண் ஐம்பது வயதையொட்டி உயர்வதை நிறுத்திப் பின் தாழ்கிறது. எனவே 160க்கு 70 என்னும் அளவைக் கண்டு 'கீழ் எண் நன்றாகத்தானே இருக்கிறது' என்று முதியவர் ஆறுதல் கொள்வது தவறு. எண்கள் இரண்டுக்கும் இடையே அகன்ற இடைவெளி, விறைப்பின் அடையாளம். தணிக்கப்படாத வீச்சு அப்போது மூளையின், சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் வரை சென்று தாக்குகிறது.

மணிக்கட்டிலிருந்து இதயவாயில் வரை

கையில் அளக்கும் அழுத்தமும் பெருந்தமனியில் உள்ள அழுத்தமும் ஒன்றா? அல்ல. இதயத்திலிருந்து விலகிச் செல்லுந்தோறும் மேல் எண் பொதுவாகக் கூடுகிறது. 2006இல் வெளிவந்த 'கஃபே' என்னும் ஆய்வில் 2,073 பேரிடம் இருவகை மருந்து முறைகள் ஒப்பிடப்பட்டன. கையில் அளந்த அழுத்தம் இரு குழுவினருக்கும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. பெருந்தமனியில் கணித்த மேல் எண்ணோ ஒரு குழுவினருக்குச் சராசரி 4.3 மில்லிமீட்டர் பாதரசம் குறைவாக இருந்தது. கைப்பட்டை சொல்லாத செய்தி உள்ளே இருந்தது.

ஆனால் உள்ளிருக்கும் அழுத்தத்தை நேரடியாக அளக்க, தமனிக்குள் மெல்லிய குழாயைச் செலுத்த வேண்டும். இந்த இடரைத் தவிர்க்கும் முயற்சியில் சிங்கப்பூருக்குப் பங்குண்டு. இங்குள்ள மருத்துவர் திங் சூன் மெங் நிறுவிய ஹெல்த்ஸ்டேட்ஸ் நிறுவனமும், பேராசிரியர் பிரையன் வில்லியம்ஸ் தலைமையிலான இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகக் குழுவும் இணைந்து உழைத்தன. கைக்கடிகாரம் போல் அணியும் கருவி மணிக்கட்டுத் தமனியை மெல்ல அழுத்தி நாடியலையின் வடிவைப் பதிகிறது. கைப்பட்டையால் அளந்த அழுத்தத்தைக் கொண்டு அவ்வடிவுக்கு அளவு குறிக்கப்படுகிறது. அலையின் கூர்முனைகளைச் சராசரி எடுத்துச் சமன்செய்யும் கணக்குமுறை, பெருந்தமனியின் மேல் எண்ணைத் தருகிறது. 2011இல் அமெரிக்க இதயவியல் கல்லூரியின் ஆய்விதழில் இம்முறை வெளியாயிற்று.

இத்தகைய கருவி எல்லோருக்கும் தேவை என்று நாம் கூறவில்லை. சாதாரணக் கைப்பட்டை அளவே இன்றும் மருத்துவத்தின் அடிப்படை. நோயின் இருப்பிடம் குழாய்ச் சுவர் என்பதை இவ்வாய்வு தெளிவுபடுத்துகிறது என்பதே நாம் கொள்ளும் பாடம்.

நாம் செய்யக்கூடியவை

சிங்கப்பூரர் நாளொன்றுக்குச் சராசரி 3,620 மில்லிகிராம் சோடியம் உட்கொள்வதாக 2022ஆம் ஆண்டின் தேசிய ஊட்டச்சத்து ஆய்வு கண்டது. உலகச் சுகாதார நிறுவனம் விதிக்கும் எல்லை 2,000 மில்லிகிராம். அது 5 கிராம் உப்பு. நம் இலையில் ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு எனவும், நூடல்ஸ் கிண்ணத்தில் சாறு எனவும் உப்பு பல வடிவில் வருகிறது. இவற்றைக் குறைத்தல், நாள்தோறும் விரைந்து நடத்தல், புகையை விடுத்தல், மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்தாதிருத்தல் ஆகியன அழுத்தத்தைக் கட்டுப்படுத்தி, சுவர் மேலும் கெடுவதைத் தாமதப்படுத்த உதவும்.

இவற்றுள் பேச்சின் பங்கைக் காட்டும் ஆய்வொன்றும் உண்டு. சிங்கப்பூரின் டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த பேராசிரியர் தசீன் ஜாஃபர் தலைமையில், இலங்கை, வங்காளதேசம், பாகிஸ்தான் நாடுகளின் சிற்றூர்களில் 2,645 பேரிடம் அது நடைபெற்றது. பயிற்சி பெற்ற சமூகச் சுகாதாரப் பணியாளர் வீடுதோறும் சென்று அழுத்தத்தை அளந்தனர். உணவு, நடை, மருந்து பற்றி எடுத்துரைத்தனர். அழுத்தம் மிகுந்தோரை மருத்துவரிடம் அனுப்பினர். ஈராண்டு முடிவில், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றோரைவிட இவர்களுடைய மேல் எண் சராசரி 5.2 மில்லிமீட்டர் கூடுதலாகக் குறைந்திருந்தது. 2020இல் இம்முடிவு வெளியாயிற்று. மருந்தோடு, விளங்கும்படி சொல்லப்பட்ட சொல்லும் அங்கே பணியாற்றியது.

இங்கும் 2023 ஜூலையில் தொடங்கிய 'ஹெல்தியர் எஸ்ஜி' திட்டம், குடும்ப மருத்துவர் ஒருவரோடு தொடர்ந்து உரையாடுவதை அடித்தளமாகக் கொண்டுள்ளது. அவ்வுரையாடலில் தமிழ் முதியவர் தம் நிலையைத் தெளிவாகச் சொல்லவும் கேட்டறியவும் வேண்டும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு நம் வேண்டுகோள் இதுதான். 'இரத்தக் கொதிப்பு' என்னும் வழக்கை அழிக்க வேண்டியதில்லை. மக்கள் வாயில் வாழும் சொல்லை ஆணையால் மாற்ற இயலாது. ஆனால் அச்சொல் வரும்போதெல்லாம் 'இது உணர்வால் தெரியாது, அளந்தால்தான் தெரியும்' என்னும் ஒரு தொடரையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். தமனி, நாடியலை, விறைப்பு ஆகிய சொற்களை அறிவியல் தமிழ்ப் பாடத்தோடு நிறுத்தாமல் பேச்சிலும் பழக்குங்கள். மாணவர்கள் தம் பாட்டனாரின் அளவுக் குறிப்பை வாங்கி, மேல் எண் எதைக் குறிக்கிறது, கீழ் எண் எதைக் குறிக்கிறது, இடைவெளி அகன்றால் ஏன் மருத்துவரிடம் கேட்க வேண்டும் என்பதைத் தமிழில் அவருக்கு விளக்கட்டும். ஐந்து நிமிடம் போதும். அவ்விளக்கம் அவரை நாளைய மாத்திரையை மறவாமல் உண்ணச் செய்யுமானால், வகுப்பறையில் கற்ற தமிழ் அவருடைய தமனிக்கும் பயன்பட்டதாகும்.