சித்திரத்தில் பயங்கரம்

இக்காலத்துச் சித்திரசாலைகளுக்குச் செல்வோரில் பலர் முகஞ்சுளித்துக்கொண்டே திரும்புகின்றனர். வெட்டுண்ட உடலும், உதிரம் தோய்ந்த துணியும், எலும்புக்கூடுமா கலை? மனத்துக்குச் சாந்தியளிக்க வேண்டிய சித்திரம் மனிதனை அச்சுறுத்தலாமா? என்று அவர்கள் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. பயங்கரத்தைச் சரக்காக்கி விற்போரும் உலகில் உளர். ஆயினும், பயங்கரமாயிருக்கிறது என்ற ஒரே காரணத்தால் ஒரு சித்திரத்தைத் தள்ளிவிடுவது பெருந்தவறு என்பதே நமது அபிப்பிராயம்.

தொல்காப்பியர் வகுத்த எட்டு மெய்ப்பாடுகளில் நகைக்கும் உவகைக்கும் உள்ள இடம் அச்சத்துக்கும் இளிவரலுக்கும் உண்டு. பரத சாஸ்திரமும் பயானகத்தையும் பீபத்ஸத்தையும் ரஸங்களுள் வைத்தே எண்ணுகிறது. ஆகவே அச்சம் கலைக்குப் புறம்பானது என்பது நம் தேசத்தின் கொள்கையன்று. நாம் ஆராய வேண்டுவது ஒன்றே: இச்சித்திரம் யாரை அச்சுறுத்துகிறது?

1943-ம் வருஷத்து வங்காளப் பஞ்சத்தை நினைத்துப் பாருங்கள். அதில் மாண்டோர் சுமார் 15 இலட்சம் என்று விசாரணைக் கமிஷன் கணக்கிட்டது. ஏறத்தாழ 30 இலட்சம் இருக்கும் என்று பிற்கால ஆராய்ச்சியாளர் பலர் கூறுவர். அவ்வருஷத்தில் சித்தபிரசாத் என்னும் இளைஞர் மிதுனபுரி ஜில்லாவில் கிராமம் கிராமமாகச் சுற்றி, தாம் கண்டதைக் கறுப்பு மையால் வரைந்தார். விலாவெலும்பு தெரியும் குழந்தைகளும், வழியில் விழுந்து கிடக்கும் பிணங்களும் அவருடைய சித்திரங்களில் நிறைந்திருக்கின்றன. பலவற்றில் அந்த மனிதரின் பெயரையும் ஊரையும்கூட அவர் குறித்து வைத்தார். அச்சித்திரங்களைக் கொண்ட சிறு புத்தகம் வெளிவந்ததும், பிரிட்டிஷ் அதிகாரிகள் சுமார் 5,000 பிரதிகளைக் கைப்பற்றி எரித்துவிட்டனர். அவர் குடும்பத்தார் காப்பாற்றி வைத்த ஒரு பிரதியைக் கொண்டே 2011-ல் மறுபதிப்பு வெளியாயிற்று. இலட்சக்கணக்கான ஜனங்கள் பட்டினியால் மடிந்ததைக் கண்டு அஞ்சாத சர்க்கார், அவர்களுடைய படத்தைக் கண்டு அஞ்சிற்று! அதே வருஷத்தில் கல்கத்தாத் தெருக்களில் மடிந்தோரை மலிவான காகிதத்தில் தீட்டிய ஜைனுல் ஆபிதீனின் சித்திரங்களும் இவ்வகையைச் சேர்ந்தவையே.

இவ்வச்சம் ஒரு தேசத்துக்கு மாத்திரம் உரியதன்று. ஸ்பெயின் தேசத்துக் கோயா, நெப்போலியன் படையெடுப்பின்போது நிகழ்ந்த கொடுமைகளைச் செப்புத் தகடுகளில் செதுக்கினார். எனினும் தம் ஆயுளில் அவற்றை வெளியிட்டாரில்லை. 1828-ல் அவர் காலமாகி 35 வருஷங்கள் சென்ற பின்னரே, 1863-ல், அவை உலகுக்குக் கிடைத்தன. 1937-ல் விமானங்கள் குண்டு வீசி அழித்த குவெர்னிகா நகரைப் பிக்காஸோ ஓவியமாக்கினார். அதன் நெசவுப் பிரதியொன்று நியூயார்க்கில் ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபை மண்டபத்துக்கு வெளியே தொங்கிற்று. 2003 பிப்ரவரியில், ஈராக்கின்மீது யுத்தம் தொடுப்பதற்கு நியாயம் கூற அமெரிக்க மந்திரி அங்கே வந்தபோது, நீலத்திரையொன்று அப்படத்தை மறைத்து நின்றது. காமிராக்களுக்குப் பின்னணி சரியாக அமையவில்லை என்று அதிகாரிகள் சமாதானம் கூறினர். யுத்தத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் யுத்தத்தின் முகம் காமிராவுக்கு ஒவ்வாமற் போனது விந்தையே!

சமீப காலத்துக்கு வருவோம். மெக்ஸிகோவின் தெரேஸா மார்கோயெஸ் என்னும் அம்மையார், 2009-ல் வெனிஸ் நகரத்துக் கலைக் கண்காட்சியில் ஒரு பழைய மாளிகையைத் தம் படைப்பாக்கினார். அங்கே பயங்கர உருவம் எதுவும் இல்லை. மெக்ஸிகோவில் கொலை நடந்த இடங்களில் உதிரத்தை ஒற்றியெடுத்த துணிகளை நீரில் நனைத்து, அந்நீரால் மாளிகையின் தரையை நாள்தோறும் துடைத்தனர். துடைத்தவர்களில் கொலையுண்டோரின் உறவினரும் இருந்தனர். பார்க்க வந்தவர்கள் அத்தரையின்மேல் நடந்துதான் செல்லவேண்டும். ‘வேறு எதைப் பற்றி நாம் பேச முடியும்?’ என்பதே அப்படைப்பின் பெயர். அவ்வுதிரம் தமக்குச் சம்பந்தமில்லாதது என்று எண்ணியிருந்தவர்களின் காலடிக்கே அதைக் கொண்டு வந்துவிட்டார் அவ்வம்மையார்.

இதனோடு, இங்கிலாந்தின் டேமியன் ஹர்ஸ்ட் 1991-ல் இரசாயனத் திரவத்தில் மிதக்கவிட்ட சுறாமீனை ஒப்பிட்டுப் பாருங்கள். வாய்பிளந்த அம்மீனைக் கண்டு உடல் சிலிர்ப்பது உண்மையே. மரணத்தைப் பற்றிச் சிறிது சிந்திப்பதும் உண்டு. ஆயினும், எந்த அக்கிரமக்காரனும் அதைக் கண்டு நடுங்கவில்லை. செல்வர் ஒருவர் அதை விலைகொடுத்து வாங்கினார். மீன் அழுகிப்போகவே, 2006-ல் வேறொரு சுறாவை அவ்விடத்தில் வைத்தனர்! சித்தபிரசாத் பெயர் குறித்து வரைந்த மனிதருக்குப் பதிலாக வேறொருவரை வைக்க முடியுமா?

வித்தியாசம் இதில் அடங்கியிருக்கிறது. இறந்தவனை இன்னாரென்று அறியக்கூடிய மனிதனாகவே நம் முன் நிறுத்தி, அவன் சாவுக்குக் காரணமானவர்களைத் தூங்கவொட்டாமல் செய்யும் பயங்கரம் கலைக்கு உரியது. அது தர்மத்தின் பக்கம் நிற்கிறது. பிறர் துயரத்தைப் பெயரற்ற பிண்டமாக்கி, பார்ப்பவனுக்குச் சிறிது நேரச் சிலிர்ப்பை மாத்திரம் தருவது வேடிக்கையே. ஓயாமற் பார்த்தால் அச்சிலிர்ப்பும் மரத்துப்போகும். அதனினும் கொடியதைத் தேடும் வழக்கமே மிஞ்சும்.

அடுத்த முறை ஒரு சித்திரம் நம்மை அச்சுறுத்துமானால், உடனே முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் ஒரு நிமிஷம் நின்று, இதில் கிடப்பவன் யார், இவனை இக்கதிக்கு ஆளாக்கியவர் யார் என்று கேட்போமாக. விடை கிடைக்குமாயின், நாம் வெறுக்கவேண்டியது அச்சித்திரத்தையன்று, அச்செயலையே.