ஆபரேஷனுக்கு அப்புறம் அப்பா ஏன் மாத்திப் பேசுறார்?

75 வயசு அப்பாவுக்கு இடுப்பெலும்பு ஆபரேஷன், நல்லபடியா முடிஞ்சாச்சுன்னு வச்சுக்குவோம். இரண்டாம் நாள் ராத்திரி, "பஸ் வந்துடுச்சு, கிளம்பு"ன்னு சொல்லி ட்ரிப்ஸைப் பிடுங்குறார். உங்களையே யாருன்னு கேக்குறார். நமக்குக் குலை நடுங்கும்.

இதுக்குப் பேர் டெலிரியம். பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு வயதானவர்களுக்கு அடிக்கடி வருவதுதான். மறதி நோய் மெதுவாக வரும். இது திடீர்னு வரும், ராத்திரியில் கூடும். சிலர் கத்தாமல், பேச்சே இல்லாமல் சோர்ந்து கிடப்பாங்க. அதுவும் இதேதான்.

வலி, சில மருந்துகள், தூக்கமின்மை, நீர்ச்சத்துக் குறைவு, தொற்று என்று காரணம் பல. அதனால "வயசாச்சு, அப்படித்தான்"னு விட்டுடாதீங்க. உடனே நர்ஸிடம் சொல்லுங்க. நேத்து வரைக்கும் அவர் எப்படி இருந்தார்னு நல்லாத் தெரிஞ்சது உங்களுக்குத்தான்.

மூக்குக்கண்ணாடி, காது மெஷின் இரண்டையும் மறக்காம எடுத்துட்டுப் போங்க. பகலில் ஜன்னல் திரையைத் திறந்து வைங்க. டாக்டர் சரின்னா எழுந்து உட்கார வைங்க. என்ன கிழமை, எங்கே இருக்கோம்னு பேச்சோடு பேச்சாகச் சொல்லுங்க. வாதாட வேண்டாம்.

தினமும் குடிக்கிற பழக்கமோ தூக்க மாத்திரையோ இருந்தால், ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிடணும். அவற்றைத் திடீர்னு நிறுத்தினாலும் குழப்பம் வரும்.

பெரும்பாலானவர்களுக்குச் சில நாட்களில் தெளிந்துவிடும்; சிலருக்கு வாரக்கணக்கில் ஆகும். அதுவரை அவர் பேசுவதை வீடியோ எடுத்து ஃபேமிலி குரூப்பில் போட்டுடாதீங்க. தெளிந்த பிறகு அதை அவரும் பார்ப்பார்.