மத்தளத்தின் பின்னே ஒரு வாழ்நாள்

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட களுதாவளை முதலிய எழுவான்கரைக் கிராமங்களில் கூத்தின் உயிர்நாடியாக விளங்குபவர் அண்ணாவியார். அவரை மத்தளக்காரர் என மட்டும் கொள்வது பொருந்தாது. ஆளறிந்து பாத்திரம் வகுத்துச் சட்டம் கொடுத்தல், தாளக்கட்டுச் சொல்லி ஆட்டம் பழக்குதல், சதங்கை அணிவித்தல், கிழமைக்கூத்தில் குறை களைதல், விடியும்வரை நீளும் அரங்கேற்றத்தை வட்டக்களரியில் நின்று நடத்துதல் ஆகிய யாவும் அவர் பணிகளே. வடமோடி, தென்மோடி ஆட்டங்களின் இலக்கணம் ஆய்வு நூல்களில் ஏறுமுன் அண்ணாவிமாரின் கையிலும் நாவிலுமே வாழ்ந்தது.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 'கர்ணன் போர்' என்னும் வடமோடிக் கூத்தை மேடையேற்றினார். இரவு முழுவதும் ஆடப்படும் கூத்து நகர மேடைக்கேற்பச் சுருக்கப்பட்டது. அம்முயற்சிக்கு அண்ணாவியாராக வாய்த்தவர் வந்தாறுமூலைச் செல்லையா. சுருக்குதல் படித்தோரின் தீர்மானம். சுருக்கிய பின்னும் அது கூத்தாகவே நிற்பதற்கு மரபில் ஊறிய கை வேண்டும். அக்கை ஒரு வாழ்நாட் பயிற்சியின் விளைவாகும்.

ஆயினும் இதனைக் 'கூத்தின் மறுமலர்ச்சி' என எழுதுங்கால் நாம் பல்கலைக்கழகத்தையே முன்னிறுத்துகிறோம். கிராமத்திலே கூத்து மடிந்திருக்கவில்லை. கற்றோர் கண்ணுக்குத்தான் அது படாதிருந்தது. உழைக்கும் மக்களே அதனைத் தம் செலவிலும் உழைப்பிலும் பேணி வந்தனர்.

1986இல் உருவான கிழக்குப் பல்கலைக்கழகம் அதே வந்தாறுமூலையிலேயே அமைந்துள்ளது. அண்ணாவியாரைத் தகவலாளராகக் குறிக்கும் வழக்கத்தை விடுத்து, ஆசிரியராக ஏற்று எழுதுவதே நாம் அவருக்குச் செய்யத்தக்க கைம்மாறு.