வயிற்றுவலி சொல்லும் சேதி

சாத்தம் துறையில் படகு ஏறினால் சிறிது நேரத்தில் பாம்பூஃப்ளாட் வந்துவிடும். தரைவழியே சுற்றி வந்தால் வெகுதூரம். ஆகவே குமாஸ்தாவும் கொத்தனாரும் கடைச் சிப்பந்தியும் காலை மாலை அந்தப் படகையே நம்பியிருக்கிறார்கள். தகப்பனார் விடிந்ததும் போய் இருட்டிய பிறகு திரும்பும் வீட்டில், பதினைந்து வயதுப் பிள்ளை அடிக்கடி வயிற்றுவலி என்று சுருண்டு படுத்தால் முதலில் பூச்சி மருந்து. அடுத்து, "பள்ளிக்கூடம் போகாமலிருக்க வேஷம் போடுகிறான்" என்ற அதட்டல். டாக்டரும் சோதித்துப் பார்த்து "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டால் அதட்டலுக்கு இன்னும் பலம் கூடிவிடுகிறது.

வயிற்றில் புண்ணோ கட்டியோ இல்லை என்பதுதான் அந்த "ஒன்றுமில்லை"க்குப் பொருள். வலி பொய் என்று பொருளல்ல.

உடம்புக்குள் நடப்பது

ஆபத்தைக் கண்டதும் மூளை, சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளுக்கு உத்தரவு அனுப்புகிறது. அட்ரினலினும் கார்ட்டிசாலும் இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் படபடக்கிறது, தசைகள் இறுகுகின்றன, ஜீரணம் தடைப்படுகிறது. நாய் துரத்தும்போது இது உயிர் காக்கும் ஏற்பாடு. நாய் போனதும் எல்லாம் அடங்கிவிடும். துரத்துவது நாயாக இல்லாமல், தினமும் குடித்துவிட்டு வரும் தகப்பனாராகவோ, வாசலில் வந்து நிற்கும் கடன்காரராகவோ இருந்தால் அடங்குவதற்கு நேரம் ஏது? தூக்கம் கெடுகிறது. தலைவலி வருகிறது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்பு அதிகமாகலாம். பெண் பிள்ளைகளுக்கு மாதவிலக்குத் தவறலாம்.

1936-இல் கனடாவில் ஹான்ஸ் செல்யே என்ற விஞ்ஞானி எலிகளைப் பலவிதமாக வாட்டிப் பார்த்தார். குளிர், காயம், ஓயாத ஓட்டம் என்று துன்பம் எதுவானாலும் அட்ரினல் சுரப்பி வீங்கியது. இரைப்பையில் புண் வந்தது. மன உளைச்சலையும் உடம்பையும் இணைத்துப் பேசும் இன்றைய மருத்துவத்துக்கு அது ஒரு தொடக்கம். 1998-இல் அமெரிக்காவில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களிடம், பதினெட்டு வயதுக்குள் வீட்டில் அடி, வசை, குடி, தாய்க்கு நேர்ந்த கொடுமை போன்றவற்றை அனுபவித்ததுண்டா என்று கேட்டறிந்த ஆய்வு வெளியாயிற்று. நான்கு வகைத் துன்பங்களோ அதற்கு மேலோ பட்டவர்களிடம் மனச்சோர்வும் தற்கொலை முயற்சியும் மட்டுமல்ல, இதயநோயும் நுரையீரல் நோயுங்கூட அதிகமாக இருந்தன.

கடல் புகுந்த காலம்

இந்தத் தீவுகளுக்கு இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி சுமாருக்கு நிலம் ஆடியது; பின்னாலேயே கடல் வந்தது. பாம்பூஃப்ளாட்டின் டீசல் மின் நிலையத்துக்குள் நீர் புகுந்தது. போர்ட் பிளேரைச் சுற்றி நிலமே தாழ்ந்துவிட்டதால், அலை ஓய்ந்த பிறகும் வயல்களில் ஓதம் ஏறிக்கொண்டிருந்தது. இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்கள் ரப்பர் தோட்டத்துக்காகக் குடியமர்ந்த கச்சால் தீவு கொடிய அழிவைக் கண்டது.

பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்து டாக்டர்கள் அப்போது முகாம்களுக்கு வந்து பணி செய்தார்கள். சொந்த இடத்திலேயே இருந்தவர்களைவிட, இடம் பெயர்ந்து முகாமில் தங்கியவர்களிடம் மனநோய்கள் கூடுதலாக இருந்ததை அவர்கள் கண்டார்கள். உறவும் ஊரும் கலையாமல் ஒட்டியிருந்தது பலருக்குக் கவசமாயிற்று என்பதையும் குறித்தார்கள்.

அந்தக் கவசம்தான் பிழைக்க வந்த குடும்பத்தில் மெலிந்திருக்கிறது. சுனாமியைக் காணாத இன்றைய பிள்ளைக்கும் அது பொருந்தும். பாட்டியும் தாய்மாமனும் கப்பலில் மூன்று நாள் தூரத்தில். அப்பா திட்டினால் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ள ஒரு மடி இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் பையனைச் சென்னைக்குக் கப்பலேற்றிவிட்டு, மதிப்பெண் என்ன என்பதை மட்டும் போனில் விசாரிப்பதும் இதே கதைதான்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்கில், அந்தமான் நிக்கோபாரில் லட்சம் பேருக்கு 42.8 தற்கொலைகள், நாடு முழுவதற்குமான விகிதம் 12.4 மட்டுமே. இது எல்லா வயதினரையும் சேர்த்த எண். ஆனால் அந்த வீடுகளில் பிள்ளைகளும் இருந்திருப்பார்கள்.

எப்போது டாக்டரிடம் போவது?

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, உணவில் வெறுப்பு, விளையாட்டிலும் சிநேகிதத்திலும் நாட்டமின்மை, காரணம் தெரியாத வலி, திடீரென்று மதிப்பெண் சரிவது ஆகியவை சேர்ந்து வந்தால் தாமதிக்கலாகாது. "சாகலாம் போலிருக்கிறதா?" என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, கேட்ட பிறகே பல பிள்ளைகள் வாய் திறக்கிறார்கள். ஆம் என்று பிள்ளை சொன்னால் தனியே விடாமல் அன்றே அழைத்துப் போக வேண்டும்.

பாம்பூஃப்ளாட்டிலேயே சமுதாய சுகாதார நிலையம் இருக்கிறது. 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரில், ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர்களைப் பார்க்கலாம். படகேற நேரமில்லாதவர்களுக்கு, மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை உண்டு. எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.